வெப்குவெஸ்ட்: வன்னி வகுப்பறையில் சில வருட அனுபவம்

கொரோனாவுக்குப் பிறகு பாடசாலை ஒழுங்காக நடக்கத் தொடங்கியதிலிருந்து கிளிநொச்சியில் தரம் 9 பிள்ளைகளுக்குப் புவியியலில் வெப்குவெஸ்ட் செய்து வருகிறேன். தவணைக்கு ஒன்று, அதற்கு மேல் முடியாது.

தெரியாதவர்களுக்கு: 1995இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேர்னி டொட்ஜ், டொம் மார்ச்சுடன் சேர்ந்து உருவாக்கிய முறை இது. பிள்ளையைக் கூகிளில் அவிழ்த்துவிட்டு 'தேடி எழுது' என்பதல்ல. செய்ய வேண்டிய பணி, அதன் படிகள், ஆசிரியர் முன்கூட்டியே வாசித்துப் பொறுக்கிய இணைப்புகள், புள்ளி போடும் விதம் எல்லாம் முதலே கையில் இருக்கும். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு கணினிக்கு மூன்று பேர் குந்தியிருக்கிற இடத்தில் தேடுவதற்கெல்லாம் நேரம் ஏது, வாசித்ததை வைத்து யோசிக்கத்தான் நேரம் வேண்டும்.

ஆனால் கேள்வி சப்பை என்றால் இதுவும் வெறும் ஒப்படைதான். எங்கள் கிளிநொச்சி வயல்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுவை எடுத்து, 'இரணைமடுக் குளம் பற்றி ஆராய்க' என்று கொடுத்தால் விக்கிப்பீடியாவின் முதல் பந்தி வகுப்பிலுள்ள அத்தனை கையெழுத்திலும் திரும்பி வரும். 'இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுக்கலாமா?' என்று கேட்டு, ஒருவர் சிறுபோக (மழை குறைந்த காலத்தில் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற) விவசாயி, ஒருவர் கிணறு உவராகிப்போன யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர், ஒருவர் பொறியியலாளர், ஒருவர் வடமராட்சி கிழக்கு மீனவர் என்று பிரித்துவிட்டுப் பாருங்கள். நிறையப் பேரின் வீட்டில் வயல், அதனால் விவசாயியாக வர அடிபிடி. வீட்டுக்காரராக மாட்டுப்பட்ட பிள்ளை முதலில் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் யாழ் குடாநாட்டு நிலத்தடி நீரில் கைக்குழந்தைகளுக்குக் கூடாத நைத்திரேற்று கூடியிருப்பது பற்றி வாசித்துவிட்டு, "உங்களுக்கு வயல், எங்களுக்குக் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணி" என்று போட்டாளே ஒரு போடு! விவசாயி அணி கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. மீனவர் எதற்கென்றால், அதே வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, 'அப்ப கடலில எடுங்கோ' என்று எல்லாரும் நழுவப் பார்ப்பார்கள். மிஞ்சுகிற உப்புக்கரைசல் எங்கே போகுது என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

குளத்தின் கொள்ளளவிலும் ஒரு சண்டை வந்தது. ஒரு இணையப் பக்கத்தில் 131 மில்லியன் கனமீற்றர், இன்னொன்றில் அதைவிடக் கூட. "எது பிழை ரீச்சர்?" நான் பதில் சொல்ல முதல் பின்வாங்கிலிருந்து ஒருத்தன், "கட்டை உயர்த்தினவங்கள் எண்டு அம்மப்பா சொன்னவர்" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். 1920இல் கட்டி முடித்த குளம், அணைக்கட்டைப் பிறகு பல தடவை உயர்த்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் எண் எழுதினால் பக்கத்திலே ஆண்டும் எழுதுகிறார்கள்.

குறை என்று பார்த்தால் பெரிய தலையிடி தமிழ் மூலங்கள். நல்ல அறிக்கைகள் ஆங்கிலத்தில், அதுவும் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றையும் ஒரு பக்கத் தமிழாகச் சுருக்க என் சனி ஞாயிறு போய்விடும், இதற்கு யாரும் மேலதிக கொடுப்பனவு தரப் போவதில்லை. தமிழில் தேடினால் வருகிறவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பக்கங்கள், காவிரி பற்றி வாசிக்க நல்லது, எங்கள் குளத்துக்கு உதவாது. போன வருடம் திறந்த இணைப்பு இந்த வருடம் செத்துக் கிடக்கும். மழை இருட்டினால் சிக்னல் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் பிடிஎப் ஆக்கிப் பென் டிரைவில் போட்டு, ஒரு செட் அச்சடித்தும் வைத்திருக்கிறேன். இணையம் இல்லாத இணையத் தேடல் என்று சக ஆசிரியர்கள் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும்.

இப்போது சாட்ஜிபிடி வேறு. எழுதித் தரச் சொன்னால் நான்கு பாத்திரத்துக்கும் வழவழவென்று எழுதித் தருகிறது. அதனால் எழுத்துக்குப் புள்ளியைக் குறைத்து, எதிரணி கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்வதற்குக் கூட்டிவிட்டேன்.

தரம் 11க்கு மட்டும் இதைக் கொண்டுபோக வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது கடந்தகால வினாத்தாளை விட்டு எதைச் செய்தாலும் பெற்றோர் வாசலில் நிற்பார்கள், அவர்களில் பிழையும் இல்லை.