மலிவு ஒயின்: மர வாசனைக்கு மயங்காமல் ஓர் ஒப்பீடு

விலை குறைந்த ஒயினின் லேபிளில் ஓக் மரத்தின் பெருமை பெரிய எழுத்தில் இருந்தால், அந்தப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். காரணம் வெறும் கணக்குதான். ஓக் வாசனை முறைப்படி வருவது ஓக் பீப்பாயில் முதிர்வதால். பிரான்சின் போர்தோ வட்டாரப் பாணிப் பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும். அதிலிருந்து 300 பாட்டில்கள் கிடைக்கும். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாயின் செலவு முழுவதும் அந்த 300 பாட்டில்களின் தலையில்தான் விழும். மலிவு ஒயினால் அதைத் தாங்க முடியாது. அதனால் எஃகுத் தொட்டிக்குள் ஓக் சில்லுகளை ஊறப்போட்டு வாசனையை வரவழைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் இதை அனுமதித்துவிட்டது. சட்டப்படி குற்றமில்லை, நாக்குக்குத்தான் ஏமாற்றம். முதல் மடக்கில் வெண்ணிலா, இரண்டாவதில் மரத்தூள். பழத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே கீழே வரும் ஒப்பீட்டில் என் அளவுகோல் ஒன்றே: பெரிய செலவில்லாமலே ஒழுங்காக வந்துவிடும் ஒயின் எந்த வட்டாரத்தில் கிடைக்கிறது?

போர்தோவா, சிலியா?

மலிவு விலையில் கிடைப்பது கிராமப் பெயரோ தோட்டப் பெருமையோ இல்லாமல் வெறுமனே ‘போர்தோ’ என்று எழுதியிருக்கும் பாட்டில். திராட்சை ரகம் பெரும்பாலும் மெர்லோ, கூடவே கொஞ்சம் காபர்னே சொவின்யோன். அட்லாண்டிக் ஈரக்காற்று அடிக்கும் இடம் அது. வெயில் கைகொடுத்த ஆண்டில் பழம் நன்றாகப் பழுக்கும். கைவிட்ட ஆண்டில் ஒயின் மெலிந்து, பச்சைத் துவர்ப்போடு வரும். மலிவு பாட்டிலை வாங்குகிறவர் எந்த ஆண்டு எப்படி என்று பட்டியல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ன?

சிலியின் மத்தியப் பள்ளத்தாக்கில் அந்தக் கவலை குறைவு. கோடை வறண்டிருக்கும், பகலில் நல்ல வெயில், இரவில் குளிர்ச்சி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி அங்கே பரவவில்லை. அதனால் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே வளரும் கொடிகள் ஏராளம். ஒரே விலையில் இரண்டையும் அருகருகே ஊற்றினால், கறுப்புத் திராட்சையின் வாசனை சிலி காபர்னேயில்தான் தெளிவாக எழும். குறையென்று சொன்னால், பல பாட்டில்கள் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்.

அந்தச் சலிப்புக்கு மருந்தும் சிலியிலேயே இருக்கிறது: கார்மெனேர். போர்தோவிலிருந்து போன ரகம் இது. சிலி விவசாயிகள் வெகுகாலம் இதை மெர்லோ என்றே எண்ணி வளர்த்தார்கள். இது வேறு ரகம் என்று 1994இல் பிரெஞ்சுத் திராட்சையியல் வல்லுநர் ஜான் மிஷெல் புர்சிகோ அடையாளம் காட்டினார். மெர்லோவைவிடப் பல நாள் கழித்துத்தான் பழுக்கும். அவசரப்பட்டுப் பறித்தால் பச்சைக் குடமிளகாய் வாசனை மூக்கைத் துளைக்கும். காத்திருந்து பறித்ததில் அந்தப் பச்சை ஒரு மெல்லிய கீற்றாக மட்டும் நின்று, பழத்துக்கு அழகு சேர்க்கும். என் வாக்கு கார்மெனேருக்கு.

ஆண்டிஸ் மலைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் விளைவது மால்பெக். மழை மிகக் குறைவான உயர்நிலம், பனி உருகிய நீரில் பாசனம். பிளம் பழச் சுவை, மென்மையான துவர்ப்பு, அடர்ந்த ஊதா நிறம் எல்லாம் முதல் கோப்பையிலேயே மனத்தைக் கவர்ந்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட எளிய சிவப்பு இல்லை. ஆனால் முதல் கோப்பையில் சொன்னதையே இரண்டாவதிலும் சொல்லும்.

ரியோஹாவும் ரோனும்

ஓக் பற்றி நான் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்பெயினின் ரியோஹாவில் ‘கிரியான்சா’ என்று முத்திரை பெறச் சிவப்பு ஒயின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிர வேண்டும். அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். பீப்பாய்களைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் செலவு பரவிவிடுகிறது. வழக்கமாக அமெரிக்க ஓக் என்பதால் வெண்ணிலாவும் லேசான தேங்காய் வாசனையும் வரும். சில்லு ஊறிய ஒயினில் இந்த வாசனை தனியே மிதக்கும். நல்ல கிரியான்சாவில் டெம்ப்ரனியோ திராட்சையின் செர்ரிச் சுவையோடு கலந்து போயிருக்கும்.

எதிர்முனையில் பிரான்சின் ரோன் வட்டாரத்து ஒயினான கோட் துய் ரோன். மலிவு வகைகளில் பல பீப்பாயைப் பார்க்காமலே பாட்டிலுக்கு வருபவை. முதன்மை ரகம் கிரெனாஷ். சிராவும் முர்வேத்ரும் துணைக்கு வரும். இதே கிரெனாஷ் ஸ்பெயினில் கர்னாச்சா என்ற பெயரில், அரகோன் பகுதியின் கம்போ தெ போர்ஹாவில் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் மலிவு ஒயின்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த போட்டி. கர்னாச்சாவில் பழுத்த ஸ்ட்ராபெரி, வாய் நிறையும் சூடு. ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். ரோனில் சிராவின் புண்ணியத்தால் மிளகு வாசனை கொஞ்சம் எட்டிப் பார்க்கும், முதுகெலும்பும், அதாவது சுவையின் பிடிமானமும், கூடுதல். பாட்டிலைச் சீக்கிரம் காலி செய்வது கர்னாச்சா, மறுபடி வாங்கத் தோன்றுவது ரோன்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறச் சொல்லும் அறிவுரை குளிர்ந்த கல்வீடுகளின் காலத்தது. 16 முதல் 18 டிகிரி என்பதுதான் அதன் பொருள். சூடேறிய கர்னாச்சாவில் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹாலின் காரம்தான். இருபது நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு அதே ஒயினை ஊற்றுங்கள். காரம் அடங்கி ஸ்ட்ராபெரி மேலே வந்திருக்கும். பிரான்சின் போஜோலே ஒயினை இன்னும் குளிரவைக்கலாம். கமே திராட்சையை உடைக்காமல் கரியமில வாயுவில் நொதிக்க வைப்பதால் அதில் துவர்ப்பு மிகக் குறைவு.

ஒப்பிடும்போது பாட்டில்களைத் தாளில் சுற்றிவிடுவது நல்லது. வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து போர்தோவில் 54 ஒயினியல் மாணவர்களிடம் கொடுத்த ஆய்வு 2001இல் வெளியானது. அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். படித்தவர்கள் கதியே அப்படியென்றால், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுக் குடிக்கும் நம் தீர்ப்பு எம்மாத்திரம்!

வெள்ளை: உரத்த குரலும் அடங்கிய குரலும்

நியூசிலாந்தின் மார்ல்பரோ சொவின்யோன் பிளாங்கைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். பேஷன் பழம், வெட்டிய புல், சுரீரென்ற புளிப்பு. 1970களில்தான் அங்கே இந்தத் திராட்சையை நட்டார்கள்; இன்று உலகமே அந்தப் பாணியைக் காப்பியடிக்கிறது. மாறாத தரம் அதன் பலம். பாட்டில் தீருவதற்குள் சலிப்புத் தட்டுவது பலவீனம்.

தென்னாப்பிரிக்காவின் ஷெனான் பிளாங் அவ்வளவு கூச்சல் போடாது. அந்நாட்டில் மிக அதிகமாகப் பயிராகும் ரகம் இது. ஒரு காலத்தில் பெருமளவு பிராந்தி வடிக்கப் போனது. அதனால் பாசனமில்லாத புதர்க்கொடிகள் வயதேறி நிற்கின்றன. அவற்றின் பழத்துக்கு அடர்த்தி அதிகம், பெயருக்கு மவுசு குறைவு. வாங்குபவருக்கு இதைவிடச் சாதகமான கூட்டணி கிடைக்காது. பச்சை ஆப்பிள், பேரிக்காய், கொஞ்சம் தேன் வாசனை, ஆனால் இனிப்பில்லை. குளிர் குறையக் குறைய இதில் புதிதாக ஏதாவது தெரியும். மார்ல்பரோவில் அப்படி நடப்பதில்லை.

பிரான்சின் மஸ்கடே, போர்ச்சுகலின் வின்யூ வெர்தே இரண்டும் தாகத்துக்கானவை. குளிரக் குளிரக் குடித்துவிட்டு மறந்துவிடலாம், அதில் தவறொன்றும் இல்லை.

காவாவா, பிரொசெக்கோவா?

இரண்டும் நுரைக்கும் ஒயின்கள், வேலை வேறு. ஸ்பெயினின் காவாவில் நுரையைத் தரும் இரண்டாம் நொதித்தல் ஷாம்பெய்ன் போலவே பாட்டிலுக்குள் நடக்கிறது. குறைந்தது ஒன்பது மாதம் ஈஸ்ட் வண்டலோடு கிடக்க வேண்டும். அதனால் ரொட்டி மேலோட்டின் வாசனை லேசாக வரும். இத்தாலியின் பிரொசெக்கோ வழக்கமாகப் பெரிய தொட்டியில் நுரையேறுகிறது; பேரிக்காயும் பூவும் கலந்த வாசனை, மென்மையான குமிழிகள். உழைப்புக்கு விலை என்று பார்த்தால் காவா வெகுதூரம் முன்னால். பிரொசெக்கோ வாங்குவதானால் ஒரு வலையைக் கவனியுங்கள்: ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். இனிப்பில்லாதது வேண்டுமென்றால் ‘புரூட்’ என்று கேட்க வேண்டும்.

பந்தயத்துக்கு வெளியே நிற்கும் குதிரை

ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்து ஃபினோ ஷெர்ரி ஒயினைப் பலரும் ஒப்பீட்டில் சேர்ப்பதே இல்லை. ஷெர்ரி என்றாலே தித்திப்பு என்ற எண்ணம். ஃபினோவில் இனிப்பு அறவே இல்லை. ஆல்கஹாலை 15 சதவீதத்துக்கு உயர்த்தி, பீப்பாயை விளிம்புவரை நிரப்பாமல் விடுவார்கள். மேற்பரப்பில் ஈஸ்ட் ஏடு படர்ந்து ஒயினைக் காற்றிலிருந்து காக்கும்; அதே ஏடுதான் பாதாம் வாசனையையும் கடற்காற்றின் கூர்மையையும் தருகிறது. பீப்பாய்கள் பழையவை. மர வாசனை ஏறக்கூடாது என்பதற்காகவே பழையதைத் தேடி வைத்திருக்கிறார்கள். குறைந்தது இரண்டு ஆண்டு இப்படி முதிர்ந்த ஒயின், நேற்றுத் தொட்டியிலிருந்து வந்த வெள்ளைகளின் விலைக்கே பல நேரம் கிடைத்துவிடுகிறது. முதல் மடக்கு சிலருக்கு முகத்தைச் சுளிக்க வைக்கும். இரண்டாவதுக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: இது சேர்த்துவைக்கும் சரக்கில்லை. பின்லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதி இருந்தால் அண்மைய தேதியுள்ளதை எடுங்கள். அரைப் பாட்டில் கிடைத்தால் அதுவே மேல். நன்றாகக் குளிரவைத்து, திறந்த பின் சில நாளுக்குள் முடித்துவிடுங்கள்.