கேன் தண்ணீர் புகாருக்கு வந்த பதில்: வேளச்சேரி சப்ளையர் ஒருவரின் சேவை

20 லிட்டர் கேனில் கோலிஃபார்ம் (நீர் மாசுபட்டதைக் காட்டும் பாக்டீரியா வகை) இருப்பதாகச் சொன்ன ஆய்வக அறிக்கைக்கு, சப்ளையர் தரப்பில் தட்டிக்கழிக்காமல் எழுத்திலேயே பதில் தந்திருக்கிறார்கள். அது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பதிலில் இருந்தது டிடிஎஸ் அளவு மட்டும். டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அடைக்கப்பட்ட குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 14543-இன்படி 250 மில்லியில் கோலிஃபார்ம் இருக்கவே கூடாது. எனவே அதே பேட்ச் எண்ணுக்கான நுண்ணுயிர் சோதனை முடிவைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

சோதனைக்கான மாதிரியை எங்கே பிடித்தது என்றும் அவர்கள் கேட்கவில்லை. டிஸ்பென்சர் குழாயில் பிடித்தால் குழாயின் அழுக்கும் சேர்ந்துவிடும். சீல் உடைக்காத கேனிலிருந்து, கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். சென்னை வெயிலில் பைக்கில் அலைந்த மாதிரியை நம்ப முடியாது.

கேனை உடனே மாற்றித் தந்தார்கள். பேட்ச் அறிக்கை வரும்வரை காய்ச்சிக் குடியுங்கள்.