சின்னவளைக் கூட்டிவரப் போன ஐந்து வாரம்

போகும்போது மூன்று பேர், திரும்பும்போது நான்கு பேர். மூன்று வாரம் என்று டிக்கெட் போட்டது ஐந்து வாரமாக இழுத்துவிட்டது. அந்த இரண்டு வாரம் எங்கே போயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் யாராவது எங்களைப் போல இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுத்துக் கூட்டிவரக் கிளம்பினால் உதவும்.

நானும் என் கணவரும் நியூஜெர்சியில் இருக்கிறோம். இருவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை, கையில் ஓசிஐ அட்டை, அதாவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை. பெரியவளுக்கு 9 வயது. இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டுமென்றால் டெல்லியில் இருக்கும் காரா என்ற மத்திய ஆணையத்தில் பதிந்துகொண்டுதான் போக வேண்டும். ஊரில் அத்தை, "எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, பேசட்டுமா?" என்றார். "அம்மா, அது ஜெயிலுக்குப் போற வழி" என்று இவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

இந்தியக் குடியுரிமையை விடாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உள்ளூர்க்காரர்களோடு ஒரே வரிசை. எங்களைப் போன்ற ஓசிஐக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால்தான். ஒரு குழந்தையைத் தத்துக் கொடுக்கச் சட்டப்படி தடையில்லை என்று அறிவித்து 60 நாள் ஆகியும் அவர்களிடம் அமையாவிட்டால்தான் பொதுவாக எங்கள் பக்கம் வரும். உடல் குறையுள்ள குழந்தைகள், அண்ணன் தங்கையாகச் சேர்ந்து இருப்பவர்கள், ஐந்து வயது தாண்டியவர்கள் என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் வயதுக் கணக்கு. எனக்கு 42, அவருக்கு 44, கூட்டினால் 86. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கூட்டுத்தொகை 85-ஐத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு வருஷத்தில் கைக்குழந்தை கைநழுவியது. இரண்டிலிருந்து நான்கு வயது என்றால் 90 வரை போகலாம். பதிந்து வைத்துவிட்டு வெகுநாள் காத்திருந்தோம். ஒரு நாள் ராத்திரி ஒடிசாவின் கடலோர மாவட்டம் ஒன்றிலிருந்து மூன்றரை வயதுப் பெண்ணின் விவரம் வந்தது. மேல் உதட்டில் பிளவைத் தைத்த தழும்பு. கேமராவை முறைத்துக்கொண்டு ஒரு படம். "தமிழ்க் குழந்தையாப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்காத சொந்தக்காரர் பாக்கியில்லை. அந்த முறைப்பைப் பார்த்த பிறகு எங்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம். அது பழைய கதை. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட கலெக்டரே தத்து உத்தரவு போடுகிறார். நாங்கள் அமெரிக்காவில் இருக்கும்போதே உத்தரவு வந்துவிட்டது. அதன் பின்னால், நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கைப்படி காரா தரும் சான்றிதழும் வந்தது. இனி பிறப்புச் சான்றிதழ், இந்திய பாஸ்போர்ட், அமெரிக்க விசா மூன்றும்தான் பாக்கி, போவதற்குள் முதல் இரண்டும் தயாராகிவிடும் என்று நம்பி விமானம் ஏறினோம்.

புவனேஸ்வரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். காப்பகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய பணம் காரா நிர்ணயித்த 5,000 டாலர், ரசீதோடு. அதற்குமேல் ஒருவரும் கை நீட்டவில்லை. ஆபரேஷன் காகிதங்கள், தடுப்பூசி அட்டை எல்லாம் தேதி வாரியாகத் தைத்து வைத்திருந்தார்கள். குழந்தை முதன்முதலில் தவழ்ந்ததைக்கூடப் படம் எடுத்து ஆல்பத்தில் ஒட்டியிருந்தார் ஒரு ஆயா. அங்கே அவரை எல்லாப் பிள்ளைகளும் மாவுசி, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறார்கள். ஆல்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனவர், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவேயில்லை.

நாங்கள் ரோஸ் கலரில் ஷூ வாங்கிப் போயிருந்தோம். உயரத்தை வைத்து அளவை ஊகித்தது, இரண்டு சைஸ் பெரிதாகிவிட்டது. அவளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. டப் டப் என்று இழுத்துக்கொண்டே நடந்தாள், மூன்று ராத்திரி கழற்றாமலே தூங்கினாள். பெரியவளைப் பார்த்து "அபா" என்றாள். ஒடியாவில் அபா என்றால் அக்கா. எங்கள் காதில் அது அப்பா என்று விழ, என் கணவர் "என்னம்மா?" என்று ஓடி வந்தார். அவள் அவரைத் தள்ளிவிட்டு அக்காவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

இனி சிக்கலுக்கு வருகிறேன். காப்பகத்து ஆபீஸில் பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்தால், அப்பா பெயர் என்ற இடத்தில் என் மாமனார் பெயர் இருக்கிறது. அவர் காலமாகி 11 வருஷம் ஆகிறது.

நடந்தது இதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அமெரிக்க பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் கடைசியில் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறோம். ஒடிசாவில் எல்லோருக்கும் மொஹந்தி, தாஸ், சாஹு என்று ஒரு டைட்டில் உண்டு. பதிவு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் அடித்தவர், டைட்டில் என்ன என்று தேடி, கடைசிப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் இருந்ததை விட்டுவிட்டார். எனக்கு டைட்டில் என் அப்பா பெயர். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு இன்னொன்று. "இவர்கள் இருவரும் உண்மையிலேயே கணவன் மனைவிதானா?" என்று காப்பகத்துக்குப் போன் போட்டு வேறு கேட்டிருக்கிறார். கோபம் வந்தது. ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் இப்போது தோன்றுகிறது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் பிழைதிருத்தத்துக்கு வழி இருக்கிறது, 15-ஆம் பிரிவு. ஆனால் அதைச் செய்ய வேண்டிய அதிகாரி ஒரு வாரம் லீவு. நோட்டரியிடம் போய், இந்த இரண்டு விதமாக எழுதிய பெயரும் ஒரே ஆளுடையது என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினோம். அந்த நோட்டரி வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "சவுத் ஆட்களுக்கு மாசத்துக்கு ரெண்டு எழுதறேன்" என்றார். 12 நாள் கழித்துத் திருத்திய சான்றிதழ் வந்தது. ஆகவே, சமூகப் பணியாளர் உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து வீட்டாய்வு அறிக்கை எழுதும்போதே உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர் இரண்டையும் பிரித்து, எது எது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சான்றிதழ் அச்சாகும் முன் காப்பகத்திடம் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பாருங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பாஸ்போர்ட் சேவா கேந்திரம் மட்டும் வேறு நாடு மாதிரி இருந்தது. டோக்கன், ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர், ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். படம் எடுக்கும்போது உதட்டுத் தழும்பைப் பார்த்த ஊழியப் பெண், "நேராப் பாரு ராணி" என்று ஒடியாவில் ஏதோ கொஞ்சினார். சின்னவள் கேமராவை மறுபடி முறைத்தாள்.

பாஸ்போர்ட் வரும்வரை மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்துக்குப் போனோம். கோரமண்டல் ரயில், ஒரு ராத்திரி. மூன்று வாரமாக அவள் இட்லியைத் தொடவில்லை, தோசையைக் கிள்ளிக் கீழே போட்டாள். ஊருக்குப் போன மறுநாள் காலையில் அத்தை தன் பாட்டுக்குப் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சின்ன வெங்காயத்தோடு. அவள் எட்டிப் பார்த்து "பகாள!" என்று கத்திக்கொண்டு ஓடிப் போய்ச் சட்டியில் கையை விட்டாள். ஒடிசாவிலும் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள், அதற்குத்தான் அந்தப் பெயர். "நம்ம வீட்டுப் புள்ளதான்டி" என்றார் அத்தை. தமிழ்க் குழந்தை கேட்டவர்களில் அவரும் ஒருவர்.

மற்ற சேவைகளைப் பற்றிச் சொல்வதானால், இந்தியாவில் இப்போது எல்லாம் ஓடிபிதான். அமெரிக்க நம்பரோடு போய் இறங்கினால் ரயில் டிக்கெட்டுக்குக்கூடத் தடுமாற வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கை வைத்து வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ போட்டுக்கொள்ள முடிகிறது, கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். இளநீர்க்காரர் வரைக்கும் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார், சில்லறை மட்டும் எவரிடமும் இல்லை.

கடைசியாக டெல்லி. தத்துக் குழந்தைக்கான அமெரிக்க விசாவுக்குச் சென்னைத் துணைத் தூதரகத்தால் பயனில்லை, டெல்லிக்குத்தான் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் இரண்டு வயது தாண்டியவர்களுக்குக் காசநோய்க்கான ரத்தச் சோதனை உண்டு, அதன் முடிவு வரச் சில நாள் பிடிக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணல் பத்து நிமிஷம்கூட இல்லை. ஹேக் முறைப்படி இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்கான ஐஎச்-3 விசா கிடைத்தால், பெற்றோரோடு போய் அமெரிக்காவில் கால் வைத்ததும் குழந்தைக்குக் குடியுரிமை வந்துவிடுகிறது. 2000-ஆம் வருஷத்துச் சட்டம் அது. சான்றிதழ் பிறகு தபாலில் வரும்.

வேலை இத்தோடு முடிந்துவிடவில்லை. இரண்டு வருஷத்துக்குக் காராவுக்கு அறிக்கை போக வேண்டும், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று. முதல் அறிக்கைக்காக வந்த சமூகப் பணியாளரிடம் சின்னவள் தன் ஷூவைக் காட்டினாள்.

போன வாரம் குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்தது. உறையைப் பிரிக்கும்போதே இவர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "முதல்ல பேரைப் பாரு. இந்தத் தடவையாவது அப்பா நான்தானே?"