மரமேறும் 10 மி.மீ. முடிச்சுக் கயிறு: மட்டக்களப்பில் பாவித்துப் பார்த்தபின்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். இரண்டு முனையிலும் கண் (வளையம்) வைத்துத் தைத்த துண்டுக் கயிறு இது. தடிப்பு 10 மில்லிமீற்றர், நீளம் 75 சென்ரிமீற்றர். சுவிஸில் இருக்கிற மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்து தந்தார். அங்கே 30 பிராங்குக்குக் கொஞ்சம் கூட. ஒன்றரை முழக் கயிற்றுக்கு இவ்வளவு காசா என்று வீட்டில் கேட்டார்கள். வேம்பின் உச்சியில் என் உயிர் தொங்குவது அந்த ஒன்றரை முழத்தில்தான், அதனால் அந்தக் காசு சரியென்றே நினைக்கிறேன்.

தென்னை ஏறுகிறவர்களுக்கு இது தேவையில்லை, தளநாரே போதும். வாகை, மா, ஈரப்பலா என்று கிளை கிளையாகப் போய் வெட்டுகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் நட்ட மரங்கள் எல்லாம் இப்போது கூரைக்கு மேலே நிற்கின்றன. மாரி தொடங்குமுன் அவற்றைக் கழித்துவிட வேண்டும். மேலே ஒரு கவட்டில் ஏறுகயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடுப்புப் பட்டியில் கட்டி, மறுபக்கத்துக் கயிற்றில் இந்தத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் இரண்டு கண்ணையும் கொளுவியால் (கரபினர்) பட்டியில் மாட்ட வேண்டும். பாரம் விழுந்தால் சுற்றுகள் இறுகிக் கவ்வும். முடிச்சின் தலையில் கை வைத்து மெல்ல இழுத்தால் இளகி இறங்க விடும்.

மீன்பிடிச் சாமான் கடையில் கேட்டால் நீல நிற பொலிப்புரொப்பிலீன் கயிற்றைத்தான் எடுத்துத் தருவார்கள். “தம்பி, இது யானையையும் தாங்கும்” என்றார் ஒரு கடைக்காரர். தாங்கும்தான். ஆனால் சுற்றிய இடத்தில் பிடிக்கவும் வேண்டும், கேட்டபோது விடவும் வேண்டும். அந்தக் கயிறு விறைப்பு, வழுக்கல். வெயிலில் கிடந்தால் தும்பு தும்பாக உதிரும். 165 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். தோணி கட்ட வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் இருக்கிற துண்டின் மேலுறை அரமிட் என்ற செயற்கை நூல். அது உருகாது. 400 பாகையைத் தாண்டிய பிறகுதான் கருகத் தொடங்கும். ஆனால் அடியில் இருக்கிற ஏறுகயிறு பொலியெஸ்ரர். அது 250 பாகைக்குச் சற்று மேலே உருகிவிடும். துண்டு தாங்குகிறதே என்று வேகமாகச் சறுக்கினால் ஏறுகயிற்றின் தோல் கண்ணாடிபோல் மினுங்கும், அந்த இடம் விறைத்துப் பலமும் குறையும். மெதுவாகவே இறங்குங்கள்.

என் ஏறுகயிறு 12 மி.மீ. அதற்கு 10 நல்ல பொருத்தம். 8 மி.மீ. இன்னும் இறுக்கிக் கவ்வும், ஆனால் பாரம் விழுந்தபின் இளக்குவதற்கு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

முடிச்சில் எனக்குப் பிடித்தது டிஸ்டெல். மேலே நான்கு சுற்று, கீழே ஒன்று, இரண்டு முனையும் நடுவால் வெளியே வந்து கொளுவியில் சேரும். கீழே ஒரு சின்னக் கப்பி வைத்தால் ஒரு கையாலேயே தொய்வை இழுத்துக்கொண்டு போகலாம். வால்டோட்டேன் என்ற பின்னல் முடிச்சு இதைவிட இலகுவாக ஓடும், கயிறு புதிதாக இருக்கும்போது பிடிக்கத்தான் பிந்துகிறது. 1931இல் ஒஸ்ரியாக்காரர் கார்ல் பிரூசிக் அறிமுகப்படுத்திய பிரூசிக் முடிச்சு மலையேறிகளுக்குச் சரி. ஏறி இறங்கி வேலை செய்கிற எங்களுக்கு அது இளகவே மாட்டேன் என்று நிற்கும்.

துண்டுக் கயிறு இல்லாதவர்களுக்கு பிளேக் முடிச்சு இருக்கிறது, இடுப்பில் கட்டியபின் மிஞ்சுகிற ஏறுகயிற்றின் வாலாலேயே போடலாம். கீழிருந்து மேலாக நான்கு சுற்று. பிறகு முனையைக் கீழே கொண்டுவந்து, இடுப்பில் இருந்து முடிச்சுக்கு வருகிற கயிற்றுக்கு முன்னால் கடந்து, ஏறுகயிற்றுக்குப் பின்னால் விட்டு, அடியில் இருக்கிற இரண்டு சுற்றுக்குள் நுழைத்து எடுக்க வேண்டும். இடுப்பில் இருந்து வருகிற அந்தக் கயிற்றைக் கடக்காமல் நுழைத்தால் பார்ப்பதற்கு பிளேக் மாதிரியே இருக்கும், பாரத்தில் உருண்டு கழன்றுவிடும். முனையில் ஒரு எட்டு முடிச்சும் கட்டாயம் போடுங்கள்.

எந்த முடிச்சானாலும் போட்ட உடனே ஏறக்கூடாது. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரலால் அடுக்கி, இழுத்து இறுக்கி, நிலத்துக்கு ஒரு அடி மேலே முழுப் பாரத்தையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். ஒரு விரற்கடை இறங்கி நின்றால் சரி. வழுகிக்கொண்டே போனால் ஒரு சுற்றைக் கூட்டுங்கள். கச்சான் காற்றில் காய்ந்த கயிறு ஒருவிதமாகவும் மழையில் நனைந்த கயிறு வேறுவிதமாகவும் பிடிக்கும், அதனால் காலையில் பார்த்தது பின்னேரத்துக்குச் செல்லாது.

குறையும் இருக்கிறது. கண்களின் தையல்மேல் கறுப்பு உறை போட்டிருக்கிறார்கள், உள்ளே நூல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. உயிரை நம்பி ஒப்படைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? அரமிட்டுக்கு வெயிலும் திரும்பத் திரும்ப மடிவதும் ஆகாது, வேலை முடிந்ததும் பைக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் கடற்கரை மணல் நூலுக்குள் போய்விட்டால் உள்ளிருந்தே அறுக்கும், நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுகிறேன். அப்புறம், நீளம் தைத்தபடிதான், கூட்டவோ குறைக்கவோ முடியாது. டிஸ்டெலுக்கு 75 அளவாக இருக்கிறது. வால்டோட்டேன் பின்னுவதற்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதால் மச்சானிடம் அடுத்தமுறை 85 சென்ரிமீற்றர் ஒன்று சொல்லியிருக்கிறேன், உள்ளே தெரிகிற உறை போட்டது கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லி.