பிக்கப்பில் வரும் ட்ரெய்லர் லைட் சோதனையும் திருட்டு அலாரமும்: எது தேறுகிறது?

பிக்கப் டிரக்கில் உட்கார்ந்தே ட்ரெய்லர் விளக்குகளைப் போட்டுப் பார்க்கும் லைட் சோதனைக்கு முழு மதிப்பெண். ட்ரெய்லர் பிளக்கைப் பிடுங்கினால் அலறும் திருட்டு அலாரத்துக்குப் பாதிதான், அதுவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டால். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் இரண்டும் நம்பியிருப்பது பம்பருக்குக் கீழே ட்ரெய்லர் ஒயரை மாட்டும் அந்த ஏழு பின் சாக்கெட்டை மட்டும்தான். அந்த ஏழு பின் வழியாக என்ன தெரிகிறதோ அவ்வளவுதான் வண்டிக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வசதிகள் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பது தானாகவே புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தனியாக ட்ரெய்லர் மாட்டிப் பழகியவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். இண்டிகேட்டரையாவது போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம். பிரேக் லைட்டுக்கு என்ன செய்வது, பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் போய் நிற்க முடியுமா? யாரையாவது கூப்பிட்டு நிறுத்தி, "எரியுதா? இடது? இப்ப?" என்று ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும். இப்போது திரையிலோ செல்போன் ஆப்பிலோ ஒரு தட்டு தட்டினால் பார்க்கிங் லைட், இடது, வலது, பிரேக் என்று வண்டியே மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுகிறது, நாம் பின்னால் நின்று பார்த்தால் போதும். 2019 மாடல் சில்வராடோ, சியரா பிக்கப்புகளில் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) இதைத் திருட்டு எச்சரிக்கையோடு சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது; ஃபோர்டு, ராம் பிக்கப்புகளிலும் லைட் சோதனை இருக்கிறது. எந்த விளக்குக்குப் பின் எது எரியும் என்ற வரிசை மாறலாம், வேலை ஒன்றுதான்.

ஆனால் ஒன்று. இந்தச் சோதனை விளக்கைப் போடும், எரிந்ததா என்று பார்ப்பது உங்கள் கண். பல்பு போய்விட்டதா என்று வண்டி தானாகக் கண்டுபிடிக்கும் வசதி வேறு, சில மாடல்களில்தான் அது இருக்கிறது, அங்கேதான் எல்இடி தொல்லை ஆரம்பிக்கிறது. இரட்டை இழை கொண்ட பழைய 1157 ரகப் பல்பில் பிரேக் இழை 2 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். அதே இடத்தில் ஒரு எல்இடி விளக்கு அதில் பத்தில் ஒரு பங்கு இழுத்தாலே அதிகம். பல்புக்கு ஏற்றபடி அமைத்த கட்டுப்பாட்டுப் பெட்டி இதைப் பார்த்துவிட்டு, பல்பு போச்சு என்றோ ட்ரெய்லரே இல்லை என்றோ முடிவுகட்டிவிடும். இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். இன்னொரு பக்கம், ட்ரெய்லர் மாட்டியிருக்கிறதா என்று வண்டி அவ்வப்போது அனுப்பிப் பார்க்கும் சின்ன மின் துடிப்புக்கே சில எல்இடி விளக்குகள் மினுக் மினுக்கென்று எரிந்து, நிறுத்தி வைத்த ட்ரெய்லரில் யாரோ நடமாடுவதுபோல் காட்டும். பல்பு அளவுக்கு மின்சாரம் இழுக்கும் ரெசிஸ்டர் வைத்து வண்டியை ஏமாற்றலாம்தான், ஆனால் அது கொதிக்கும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள். செட்டிங்ஸில் ட்ரெய்லர் விளக்கு எல்இடியா பல்பா என்று கேட்கும் வண்டியாக இருந்தால் முதலில் அதைச் சரியாகப் போடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

சோதனையில் தப்பிவிடும் இன்னொரு கோளாறு எர்த். அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்கு, ஒரே ஒயர்: இடது மஞ்சள், வலது பச்சை, பார்க்கிங் லைட்டுக்குப் பழுப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து எர்த் ஒரே வெள்ளை ஒயர். (உள்ளே தங்கும் வசதியுள்ள வீட்டு ட்ரெய்லர்களில் இந்த நிறக் கணக்கு மாறும், நிறத்தை மட்டும் நம்பி ஒயரை முறுக்காதீர்கள்.) வெள்ளை ஒயரின் முனையில் களிம்பு ஏறியிருந்தாலும் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக எரிந்துவிடலாம். ராத்திரி பார்க்கிங் லைட் எரிய, பிரேக்கும் மிதித்து, இடது இண்டிகேட்டரும் போட்டால்தான் குட்டு வெளிப்படும்: இடது அடிக்க அடிக்க வலதும் மங்கி மங்கி எரியும், பழுப்பு ஒயர் விளக்கெல்லாம் கூடவே துடிக்கும். அதனால் தானியங்கிச் சோதனை முடிந்ததும் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, பின்னால் ஏதாவது சுவர் இருந்தால் அதில் விழும் சிவப்பைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வது என் வழக்கம். சாக்கெட் மூடியைத் திறந்து பின்களையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் தேய்த்துவிட்டு, ஈரம் அண்டாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவி மூடுங்கள். இந்த வேலையை எந்த ஆப்பும் செய்யாது.

இனி திருட்டு அலாரம். வண்டியைப் பூட்டிய பிறகு ட்ரெய்லர் பிளக்கைப் பிடுங்கினாலோ ஒயரை வெட்டினாலோ ஹாரன் அலறும், விளக்குகள் பளிச்சிடும், வண்டியைப் போனோடு இணைக்கும் சந்தா உயிரோடு இருந்தால் போனுக்கும் செய்தி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. சாப்பிட நிறுத்திய இடத்தில், பெட்ரோல் பங்கில், ஒரு ராத்திரி தங்கும் விடுதி வாசலில் இது உண்மையிலேயே உதவும், மறுக்கவில்லை. ஆனால் இது பிளக்கைப் பிடுங்கியதைச் சொல்லும் அலாரமே தவிர ட்ரெய்லர் திருட்டைப் பிடிக்கும் கருவி கிடையாது. ட்ரெய்லரைக் கழற்றித் தனியாக விட்டுவைத்திருக்கும்போது, திருடனுக்கு அதைவிட வசதியான நேரம் எது, அப்போது இந்த அலாரத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. போன் சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி வராது, ஹாரன் மட்டும்தான். ஹாரன் சத்தத்துக்கு யார் எழுந்து வந்து பார்க்கிறார்கள்?

ட்ரெய்லர் இருப்பதையே வண்டி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதும் முக்கியம். எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் நீல ஒயரின் அந்தப் பக்கம் காந்தச் சுருள்கள் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3 ஓம், அதை வண்டி சுலபமாக உணர்ந்துவிடும். பிரேக்கே இல்லாத, நாலு பின் தட்டை பிளக் வைத்த சின்ன ட்ரெய்லரில் விளக்கும் எல்இடியாக இருந்தால், சில வண்டிகளுக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாத பொருளுக்கு எங்கே காவல்? வாங்குவதற்கு முன்னால் உங்கள் ட்ரெய்லரைக் கொண்டுபோய் மாட்டி, பூட்டி, கொஞ்ச நேரம் விட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். விற்பனையாளர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை. நான் கேட்டபோது ஒருவர், அதெல்லாம் எல்லா ட்ரெய்லருக்கும் வேலை செய்யும் சார் என்று பிளக்கைத் தொடாமலே சொன்னார். மாட்டிப் பார்த்தால் ஒரு சத்தமும் வரவில்லை.

இதில் எதிர்பாராமல் எனக்குப் பிடித்துப்போனது ஓடும்போது வரும் எச்சரிக்கைதான். குண்டும் குழியுமான ரோட்டில் பிளக் நழுவி விழுந்து தரையில் இழுபட்டுக்கொண்டே வருவது புதிதல்ல. ஒரு விளக்கும் இல்லாமல், எலெக்ட்ரிக் பிரேக்கும் இல்லாமல் மைல் கணக்கில் போயிருப்போம், பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால்தான் உண்டு. இப்போது ட்ரெய்லர் இணைப்பு போய்விட்டது என்று மீட்டரிலேயே வந்துவிடுகிறது. பிளக் இணைப்பு இருக்கிறதா என்று வண்டி உணர்வதுதான் திருட்டு அலாரத்துக்கும் இதற்கும் அடிப்படை, எனக்கு இதுதான் பெரிய லாபமாகப் படுகிறது.

ஆக, திருட்டுக்குப் பயந்து அலாரம் உள்ள உயர் ரகத்துக்கு மேல்காசு கொடுக்காதீர்கள். கப்ளருக்கு (ட்ரெய்லரின் முன்முனையில் வண்டியோடு கோக்கும் பாகம்) ஒரு பூட்டு, ட்ரெய்லரில் கண்ணில் படாமல் தனி பேட்டரியில் ஓடும் ஒரு ஜிபிஎஸ் கருவி, இந்த இரண்டும் ட்ரெய்லர் தனியாக நிற்கும்போதும் வேலை செய்யும்; வண்டியோடு மாட்டியிருக்கும்போது ஹிட்ச் பின்னுக்கும் (இழுவைக் கம்பியை வண்டியில் பிடித்துவைக்கும் ஆணி) ஒரு பூட்டு போடுங்கள். லைட் சோதனை வசதி இருக்கிறது என்பதற்காக ஒரு படி மேலே போகலாம், அதில் தப்பில்லை.

பயன்படுத்தும்போது ஒரு விஷயம். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் வண்டியின் பூட்டைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் முகாமில் இருக்கும் அத்தனை பேரையும் நீங்களே எழுப்பிவிடுவீர்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் முந்தைய உரிமையாளரின் ஆப் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நீக்காமல் விட்டால் உங்கள் ட்ரெய்லரைக் கழற்றும் செய்தி அவர் போனுக்குப் போகும், உங்களுக்கு வராது.