மாடிக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் ஒயர்: செம்பு லைன் பிராட்பேண்டோடு பல வருஷக் குடித்தனம்

திருவொற்றியூர் நண்பன் போன வாரம் கேட்டான்: “உங்க வீட்ல இன்னும் அந்தப் பழைய டெலிபோன் லைன் நெட்டு தானேடா? எங்க வீட்லயும் அதான். மழை வந்தா புட்டுக்குது. வெச்சுக்கலாமா, தூக்கிடலாமா?” ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் லைன்மேன் வந்துவிட்டுப் போயிருந்தார், எனக்குக் கோபமும் முழுசாக ஆறவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏடிஎஸ்எல், அதாவது டெலிபோன் செம்புக் கம்பியிலேயே நெட் வரும் முறை என்ன, மோடத்தில் எந்த விளக்கு எதற்கு என்பதெல்லாம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேகத்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. அதன் வேகமான வகையான ஏடிஎஸ்எல்2+ 24 எம்பிபிஎஸ் வரை போகும் என்று ஏட்டில் இருக்கும். அது எக்ஸ்சேஞ்சுக்கு எதிர் வீட்டுக்காரருக்கு. எனக்குக் கிடைப்பது எனக்குப் போதும். என் பஞ்சாயத்து முழுக்க ஒரே ஒரு ஒயரோடுதான்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு கீழே ஒன்று, மேலே இரண்டு மாடி. லைன் தெருக் கம்பத்திலிருந்து முன்னறை ரோசெட்டுக்கு, அதாவது சுவரில் இருக்கும் குட்டி இணைப்புப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டாவது மாடியில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் என்றைக்கோ இழுத்தது. முறுக்கே இல்லாத தட்டை ஒயர். மாடிப்படி ஓரமாக, கரண்ட் ஒயர் போகும் பைப்பை உரசிக்கொண்டே ஏறி, ஃபேன் ரெகுலேட்டர் போர்டுக்குப் பின்னால் நுழைந்து, சுற்றி வளைத்துப் போய்ச் சேர்கிறது. வெறும் போன் மட்டும் இருந்த காலத்தில் அது ஒரு குற்றமே இல்லை. போன் சுமக்கிற மனிதக் குரல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதற்கு எந்த ஒயரும் போதும். ஏடிஎஸ்எல்2+ அதே கம்பியில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறிப் பேசுகிறது. அங்கேதான் இந்த ஒயர் தன் வேலையைக் காட்டுகிறது.

விளக்கு வைக்கும் நேரமானால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். யாராவது போன் செய்து மணி அடித்தாலே மோடம் படுத்துவிடும். போனில் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். இதையெல்லாம் தாண்டி ஒரு வேடிக்கை: ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் நெட் ஒழுங்காக ஓடும். எங்கள் வீட்டில் பரீட்சை, ஆன்லைன் மீட்டிங் என்றால் “போனை எடுத்து வை” என்பதே வழக்கமாகிவிட்டது.

கஸ்டமர் கேரில் இதைச் சொன்னால் சிரிக்காத குறைதான். “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்.” பண்ணியாயிற்று. “மோடம் பழசு சார், மாத்துங்க.” மாற்றியாயிற்று. அப்புறம் உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். யார் வந்தார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்பது தேவ ரகசியம்.

உண்மையைச் சொன்னது மோடம்தான். இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷமும் அதுதான், அதனால் அதைக் கொஞ்சம் புகழ்ந்துவிடுகிறேன். பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டி உள்ளே போனால் ‘டிஎஸ்எல் ஸ்டேட்டஸ்’ என்று அழகில்லாத ஒரு பக்கம் இருக்கும். அதில் எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண்தான் உயிர். இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை டெசிபெல்லில் காட்டும். 6 என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அதற்குக் கீழே இறங்க இறங்க இணைப்பு எப்போது வேண்டுமானாலும் அறும். பக்கத்திலேயே அட்டெனுவேஷன் என்று இன்னொரு எண், வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. அது குறைவாக இருந்தால் நல்லது. சாதாரண கேபிளில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. எனக்கு 28 காட்டியது. அப்படியானால் எக்ஸ்சேஞ்ச் கம்பி வழியாக இரண்டு கிலோமீட்டர். தூரத்தில் வம்பில்லை. மார்ஜின் மட்டும் சாயங்காலம் நாலைத் தொட்டுக்கொண்டு தள்ளாடியது.

ரோசெட்டைத் திறந்து, மாடிக்குப் போகும் இரண்டு ஒயரையும் திருகிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஒன்பதுக்கு மேல்! மோடத்தை மாற்றவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, வெறும் ஸ்க்ரூடிரைவர்.

காரணம் இரண்டு. முதலாவது, லைனிலிருந்து கிளைத்துப் போய்ச் சும்மா முடிகிற ஒயர். அதற்குள் போகும் சிக்னல் முனையில் மோதித் திரும்பி வந்து, வரும் சிக்னலையே ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் தின்றுவிடும். ஒயரின் நீளம் அந்த அலையின் கால்பங்காக இருந்தால் சேதம் அதிகம். எங்கள் மாடி ஒயர் சுமாராக 30 மீட்டர். கணக்குப் போட்டால் 1.6 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும், அதாவது சரியாக ஏடிஎஸ்எல்2+ புழங்கும் இடத்தில். இரண்டாவது, முறுக்கில்லாத ஒயர் ஒரு ஏரியல். முறுக்கிய ஜோடியில் இரண்டு கம்பியிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறி ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். தட்டை ஒயரில் ஏறினது அப்படியே நிற்கும். ஃபேன் ரெகுலேட்டர், மலிவு எல்இடி பல்புக்குள் இருக்கும் சர்க்யூட் எல்லாம் உள்ளே வந்து உட்காரும். சென்னை வானொலியின் மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸ்கூட ஏடிஎஸ்எல் பாதைக்கு நடுவில்தான் இருக்கிறது. மாலையில் வீடு முழுக்க விளக்கு போட்டதும் மார்ஜின் சரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் ரிசீவரை எடுத்தால் நெட் தேறுகிற மர்மம் அப்படியே இருந்தது. அதற்கு விடை கம்பத்தில். வந்த லைன்மேன் நிதானமான மனிதர், என்னோடு நின்று கேட்டார். ஏணி போட்டு, வீடுகளுக்கு லைன் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்து, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் டிராப் ஒயர் ஜாயிண்டின் டேப்பைப் பிரித்துக் காட்டினார். செம்பு முழுக்கப் பச்சை பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. காசிமேட்டுக் கடல் காற்று சார், இந்தப் பக்கம் எல்லா கம்பமும் இப்படித்தான் என்றார். உப்பும் ஈரமும் ஏறிய ஜாயிண்டில் இப்படி ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டிலிருந்து இருபது மில்லிஆம்பியர் சுமாருக்கு மின்னோட்டம் ஓடி, படலத்தை ஊடுருவித் தொடர்பை இறுக்கிவிடும். வைத்துவிட்டால் பழைய குருடி கதவைத் திறடி. மணி அடிக்கும்போது வரும் மின்சாரம் 70 வோல்ட்டுக்கு மேல். அந்த அதிர்ச்சியை இந்த நோஞ்சான் ஜாயிண்ட் தாங்காததால்தான் மோடம் விழுந்தது. பழசை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஜெல் இருக்கும் சின்ன கனெக்டர் வைத்து அழுத்தினார். விலை சில ரூபாய். இதற்காகத்தான் ஒரு மோடம் வாங்கினேன்.

இறங்கும்போது, “மேல்மாடி லைனைக் கட் பண்ணிடுங்க சார், நிம்மதி” என்றார். அது அவருக்குச் சுலபம். சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் பெரியம்மா கொடுத்து வைத்திருப்பது அந்த நம்பர்தான். ஆகவே வேறு ஏற்பாடு. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்பிளிட்டர், போன் குரலையும் நெட் சிக்னலையும் தனித்தனியாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி. மோடம் முனையிலிருந்து மோடத்துக்கு மட்டும் குட்டையான ஒயர். போன் முனையிலிருந்து கீழ் போனும் மாடி எக்ஸ்டென்ஷனும். இப்படிச் செய்தால் ஸ்பிளிட்டருக்குப் பின்னால் என்ன அழுக்கு ஒயர் இருந்தாலும் மோடத்துக்கு அது தெரியாது. ஸ்பிளிட்டருக்கு முன்னால் இருந்து கிளை எடுப்பதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்-5 என்கிற முறுக்கிய ஜோடி நெட்வொர்க் கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கி, அதில் நீலம், நீல-வெள்ளை ஜோடியை மட்டும் எடுத்து, கரண்ட் பைப்புக்கு எதிர்ச் சுவரில் புதிதாக இழுத்தேன். இப்போது மார்ஜின் 11-க்குக் கீழே வருவதில்லை. மழையிலும்தான்.

நியாயமாகப் பேசினால் வீட்டுக்குள் இருக்கும் ஒயர் கம்பெனி தலையில் விழாது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கம்பத்து ஜாயிண்ட் யாருடையது? மார்ஜின் எண்ணைப் படித்துச் சொல்ல நான் தயாராக இருந்தும், கேட்டு எழுதிக்கொள்ள அவர்களிடம் கட்டமே இல்லை என்றால் என்ன செய்ய? 1882-இல் இந்த ஊரின் முதல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்ததே எங்கள் வடசென்னையில், எர்ரபாலு செட்டித் தெருவில்தான். இத்தனை வருஷம் கழித்தும் உப்புக் காற்றுக்கு டேப் சுற்றுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லை, செல்போன் டவரும் படுத்துவிட்டது. கீழே இருந்த கார்ட்லெஸ் போன் செத்துக் கிடந்தது. பெரியம்மாவின் பழைய பட்டன் போனில் மட்டும் டயல் டோன் இருந்தது; எக்ஸ்சேஞ்ச் பேட்டரியே லைனுக்கும் கரண்ட் கொடுப்பதால் அதற்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. தெருவில் பாதிப் பேர் அன்றைக்கு எங்கள் மாடிப்படியில்தான் நின்றார்கள். ஃபைபரில் போன் வந்தாலும், வீட்டில் வைக்கும் அந்தப் பெட்டிக்கு நாம்தான் யுபிஎஸ் போட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு தீர்ப்பு: தூக்கிடு. எங்கள் லைன் இன்றைக்குக் கல்லு மாதிரி நிற்கிறது, நான் கழற்றப்போவதும் இல்லை, ஆனாலும் உன்னிடம் சொல்வது அதுதான். ஃபைபர்காரன் உங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டான், விலையும் இறங்கியிருக்கிறது. கண்ணாடி இழைக்குப் பச்சை பூக்காது. ஒரு இணைப்பை வைத்துக்கொள்ள இவ்வளவு படிக்க வேண்டியிருந்தது என்பதே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

தூக்க மனசில்லாவிட்டால், மழை பெய்த மறுநாள் காலையில் போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை மட்டும் அழுத்து. டயல் டோன் நின்றுவிடும். அந்தச் சில நொடி அமைதியில் கரகரவென்று கேட்டால், புகாரில் நெட் வரவில்லை என்று எழுதாதே. போனில் இரைச்சல் என்று எழுது. எங்கள் பக்கம் அதற்குத்தான் ஏணியோடு ஆள் வருகிறது.