லிங்க் அக்ரிகேஷன்: ஸ்டாட்டிக்கா, எல்ஏசிபி-யா?

ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல ஒரு கேபிள் பத்தலன்னு இன்னொண்ண சும்மா சொருகுனா ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்ல டிராஃபிக் சுத்திச் சுத்தி ஓடாம தடுக்குற ஏற்பாடு) ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத பிளாக் பண்ணிரும், அதனாலதான் எல்லாத்தையும் சேத்து ஒரே லிங்க்கா கட்ட வேண்டியிருக்கு, அதான் லிங்க் அக்ரிகேஷன். வழி மூணு: நாமளே கையால கட்டுற ஸ்டாட்டிக், ரெண்டு ஸ்விட்ச்சும் தங்களுக்குள்ள பேசிக் கட்டுற எல்ஏசிபி, அதே மாதிரி பேசிக் கட்டுற பிஏஜிபி. அதுல பிஏஜிபி சிஸ்கோவோட சொந்த சரக்கு, எதிர்ல வேற கம்பெனி ஸ்விட்ச் வந்தா பேச்சே இல்ல, புதுசா போடுறவங்க அத மறந்துரலாம்.

அப்போ நிஜமான போட்டி ஸ்டாட்டிக்குக்கும் எல்ஏசிபிக்கும்தான். ஸ்டாட்டிக்ல ரெண்டு பக்கமும் 'ஆன்'னு போட்டா முடிஞ்சுது, உடனே மேல வந்துரும். ஆனா ரெண்டு ஸ்விட்ச்சும் ஒரு வார்த்த பேசிக்காது, போர்ட்ல லைட் எரிஞ்சா லிங்க் நல்லாருக்குன்னு நம்பிரும், அவ்ளோதான். நான் மாட்டுனது இதுலதான்: நடுவுல மீடியா கன்வர்ட்டர் (காப்பர் கேபிளையும் ஃபைபரையும் இணைக்குற டப்பா) இருந்துச்சு, அதுக்கு அந்தப் பக்கம் ஃபைபர் போயிருச்சு, நம்ம பக்கம் லைட் பச்சையாவே எரியுது, ஸ்விட்ச் பாட்டுக்கு பாதி டிராஃபிக்க அந்த செத்த லிங்க்ல கொட்டிட்டே இருக்கு. ஒரு மெஷினுக்கு பிங் போகுது, பக்கத்து மெஷினுக்கு போகல. அரை நாள் ஃபயர்வால நோண்டிட்டு இருந்தேன்!

எல்ஏசிபில இது நடக்காது. 2000-ல 802.3ஏடி-யா வந்து, 2008-ல 802.1ஏஎக்ஸ்க்கு மாறுன ஸ்டாண்டர்ட், அதனால எந்தக் கம்பெனி ஸ்விட்ச்சோடவும் பேசும். ரெண்டு ஸ்விட்ச்சும் 'நான் இருக்கேன்'னு சொல்ற பாக்கெட் அனுப்பிக்கும்: ஸ்லோ-ல 30 செகண்டுக்கு ஒரு பாக்கெட், மூணு வரலன்னா அதாவது 90 செகண்ட்ல அந்த லிங்க்க கழட்டி விட்ரும், ஃபாஸ்ட் வெச்சா 1 செகண்டுக்கு ஒண்ணு, 3 செகண்ட்ல கழண்டுரும். கேபிள தப்பான ஸ்விட்ச்ல சொருகிட்டாலும் எதிராளி ஐடி வேறன்னு தெரிஞ்சுகிட்டு அத கட்டுக்குள்ள சேக்காது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஆக்டிவ்னா தானே பேச்ச ஆரம்பிக்கும், பேசிவ்னா எதிராளி பேசுனாத்தான் பதில் சொல்லும், அதனால ரெண்டு பக்கமும் பேசிவ் போட்டா யாரும் பேச்ச ஆரம்பிக்க மாட்டாங்க, கட்டே வராது, நான் ரெண்டு பக்கமும் ஆக்டிவ்தான் போடுவேன். ஒரு பக்கம் ஆன், இன்னொரு பக்கம் ஆக்டிவ்னு கலந்து போடுறது இன்னும் மோசம், மேக் அட்ரஸ் (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டோட ஹார்டுவேர் முகவரி) போர்ட் விட்டு போர்ட் தாவிட்டே இருக்க வாய்ப்பிருக்கு.

ஸ்டாட்டிக்குக்கு எடமே இல்லன்னு சொல்லல. விஎம்வேர் ஸ்டாண்டர்ட் வி-ஸ்விட்ச்சுக்கு (விர்ச்சுவல் மெஷின்களுக்கான சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) எல்ஏசிபி தெரியாது, அங்க ஐபி ஹாஷ் (ஐபி அட்ரஸ வெச்சு எந்தக் கேபிள்னு முடிவு பண்ற கணக்கு) போட்டு ஸ்டாட்டிக்தான் வழி, எல்ஏசிபி வேணும்னா டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச்சுக்கு போகணும். சர்வர் நெட்வொர்க்ல இருந்து பூட் ஆகறப்பவும் எல்ஏசிபி இடிக்கும், ஏன்னா ஓஎஸ் வர்ற வரைக்கும் அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளில்ல, ஸ்விட்ச் போர்ட்ட நிறுத்தி வெச்சிரும். பல ஸ்விட்ச்ல இதுக்குன்னே ஃபால்பேக் ஆப்ஷன் (பதில் வரலன்னாலும் போர்ட்ட ஓட விடுறது) இருக்கு, அத போட்டுட்டா சரியாயிரும்.

ஸ்பீடுக்காக எது நல்லதுன்னு கேட்டா, ரெண்டும் ஒண்ணுதான். நாலு 1 ஜிகாபிட் லிங்க்க கட்டுனாலும் ஒரே ஒரு ஃபைல் காப்பி 1 ஜிகாபிட்டத் தாண்டாது, ஒரு ஃப்ளோ (ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஓடுற ஒரு தொடர்பு) ஒரு கேபிள்லதான் போகும், எதுலன்னு ஹாஷ் முடிவு பண்ணும். ரெண்டு ரவுட்டருக்கு நடுவுல மேக் ஹாஷ் வெச்சீங்கன்னா எல்லாப் பாக்கெட்லயும் அதே ரெண்டு மேக்தான், மொத்தமும் ஒரே கேபிள்ல போய் மத்தது சும்மா கெடக்கும். ஸ்விட்ச் விட்டா ஹாஷுக்கு ஐபியும் டிசிபி/யுடிபி போர்ட் நம்பரும் சேத்து வைங்க. அனுப்புற பக்கம்தான் ஹாஷ் போடுது, அதனால ரெண்டு ஸ்விட்ச்லயும் தனித்தனியா மாத்தணும், மாத்துனப்புறம் ஒவ்வொரு போர்ட் கவுண்ட்டரையும் பாத்துருங்க.